“கோழிக்குத்தானே” என்று சொல்லலாமா? குஞ்சின் குடலும் நம் கடைத் தீவனமும்

மளிகைக் கடை நடத்தும் நாம் அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் தரத்தைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறோம். கோழித் தீவனம் என்பது கடையின் ஒரு மூலையில், வாய் திறந்த மூட்டையில், போகிற போக்கில் விற்கும் சரக்காகவே பல கடைகளில் இருந்து வருகிறது. ஆனால் தாம்பரம், சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி வட்டாரங்களில் வீட்டுக் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் பத்து, இருபது கோழி வளர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் குஞ்சு வாங்கி வரும் அவர்கள், தீவனத்துக்கு நம் கடைக்குத்தான் வருகிறார்கள்.

நம் உறுப்பினர் ஒருவரின் கடையில் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு நாள் காலை, கல்லாவில் கூட்டமாக இருக்கும் நேரம். பல ஆண்டுகளாக மாதக் கணக்கு வைத்திருக்கும் அம்மா ஒருவர் தீவனப் பையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். “அண்ணாச்சி, இருபது குஞ்சு வாங்கினேன். உங்க கடைத் தீவனத்தைப் போட்டு நாலே நாள்ல பதினாலு போயிடுச்சு. இதுல என்ன கலந்தீங்க?” என்று கேட்டார். உறுப்பினர் கலப்படம் எதுவும் செய்யவில்லை. ஆனால் தரையில் சிந்திய அரிசி, பருப்பு, கோதுமை ஆகியவற்றைக் கூட்டி அள்ளி அந்த மூட்டையில் கொட்டும் வழக்கம் அவருக்கு இருந்தது. “கோழிக்குத்தானே” என்ற எண்ணம்தான்.

“தப்பு என்னுடையதா, குஞ்சு விற்றவனுடையதா?” என்று அவர் நம்மிடம் கேட்டபோது உடனே பதில் சொல்ல இயலவில்லை. அதன்பின் கால்நடை மருத்துவம் அறிந்தவர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை எல்லா வணிகர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.

தாயைப் பார்க்காத குஞ்சு

நாட்டுக்கோழி அடைகாத்து 21 நாளில் குஞ்சு பொரிக்கிறது. பொரித்த குஞ்சு தாயின் இறக்கைக்குள் புகுகிறது. தாய் கிளறிய மண்ணைக் கொத்துகிறது. தாயின் எச்சத்திலும் மூக்கை வைக்கிறது. நமக்கு அருவருப்பாகத் தோன்றும் இந்தச் செயலில்தான் ஒரு பெரிய நன்மை அடங்கியிருக்கிறது. நன்கு வளர்ந்த கோழியின் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தீங்கு செய்யாதவை. பல நன்மை செய்பவை. தாயிடமிருந்து அவை குஞ்சின் குடலுக்கு வந்து சேர்கின்றன.

இயந்திரத்தில் பொரிக்கும் குஞ்சுக்கு இந்த வாய்ப்பு இல்லை. பொரிப்பகத்தில் முட்டையின் மேல்ஓட்டைக் கிருமிநீக்கம் செய்து, சுத்தமான அறையில் பொரிக்க வைத்து, அன்றைக்கே பெட்டியில் அடைத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் குஞ்சு தாய்க்கோழி ஒன்றை வாழ்நாளில் பார்ப்பதே இல்லை. அதன் குடல் ஏறக்குறைய காலியாக இருக்கிறது. முதலில் உள்ளே வரும் கிருமி எதுவோ, அது அங்கே குடியேறிவிடும். தாயிடமிருந்து வரவேண்டியது வராதபோது தண்ணீர், தீவனம், கூளம், மனிதக் கை ஆகியவற்றிலிருந்து வருவதே முதல் குடியாகிறது.

பின்லாந்து நாட்டில் கண்ட உண்மை

இது வெறும் ஊகமன்று. 1971இல் பின்லாந்து நாட்டின் பிராய்லர் பண்ணைகளில் சால்மோனெல்லா என்ற கிருமி பெரிய அளவில் பரவியது. சால்மோனெல்லா கோழிக் குடலில் தங்கி, இறைச்சி வழியாகவும் முட்டை வழியாகவும் மனிதருக்கு வந்து, வாந்தி பேதியை உண்டாக்குவது. நூர்மி, ரன்டாலா என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். வளர்ந்த கோழிகள் இந்தக் கிருமியை எளிதில் தாங்கிக்கொள்ள, பொரித்து ஓரிரு நாளே ஆன குஞ்சுகளில் மட்டும் அது ஏன் சுலபமாகப் பற்றுகிறது என்பதே அவர்களின் கேள்வி.

நலமாக இருந்த வளர்ந்த கோழிகளின் குடலில் உள்ள பொருளை எடுத்து, பொரித்த குஞ்சுகளுக்குப் புகட்டினார்கள். பிறகு சால்மோனெல்லாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். புகட்டப்பட்ட குஞ்சுகளில் பெரும்பாலானவை எதிர்த்து நின்றன; புகட்டாத குஞ்சுகளில் கிருமி பற்றியது. 1973இல் ‘நேச்சர்’ என்ற அறிவியல் இதழில் இந்த முடிவை வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் இதனை நூர்மி கொள்கை என்றே அழைக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் பெரிய கோழியின் எச்சத்தைக் கரைத்துக் குஞ்சுக்குக் கொடுக்கச் சொல்லிவிடக்கூடாது. எச்சத்தில் நோய்க்கிருமியும் ஒட்டுண்ணியும் சேர்ந்தே இருக்கலாம். ஆய்வாளர்கள் நோயற்ற கோழியைத் தேர்ந்தெடுத்துச் சோதித்த பிறகே செய்தார்கள்.

வெள்ளிக்கிழமைச் சந்தைக் கணக்கு

நல்ல பாக்டீரியா எப்படிக் காக்கிறது? வணிகர்களுக்கு இதை விளங்கவைப்பது எளிது. பல்லாவரம் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் வந்து தார்ப்பாய் விரித்தவருக்கே இடம். எல்லா இடமும் நிரம்பிவிட்டால் பத்து மணிக்கு மூட்டையோடு வருகிறவர் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். குஞ்சின் குடல் சுவரும் அப்படித்தான். நல்லவை முதலில் இடம் பிடித்துவிட்டால், பின்னால் வரும் நோய்க்கிருமிக்கு ஒட்டிக்கொள்ள இடம் இருக்காது. தின்னச் சத்தும் மிஞ்சாது.

இன்னொரு வேலையும் நடக்கிறது. கோழியின் சிறுகுடல் முடியும் இடத்தில் இரட்டைப் பைபோல இரு குருட்டுக்குடல்கள் இருக்கின்றன. அங்கேதான் இந்தப் பாக்டீரியாக்கள் மிகுதி. மீந்துபோன சத்தைப் புளிக்கவைத்து அவை சில அமிலங்களை உண்டாக்குகின்றன. மாவு புளித்தால் அதில் மற்ற கிருமி எளிதில் வளராது என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்ததே. குடலிலும் அந்த அமிலம் சால்மோனெல்லா போன்றவற்றை அடக்கிவைக்கிறது.

இந்தக் குருட்டுக்குடலிலிருந்துதான் அவ்வப்போது பழுப்பு நிறத்தில், களிபோல, நாற்றத்துடன் எச்சம் வரும். அதைக் கண்டு பயந்து மருந்து கேட்டு வருவோர் உண்டு. இடையிடையே அப்படி வருவது இயல்பே என்று அவர்களுக்குச் சொல்லலாம். எச்சத்தில் இரத்தம், தொடர்ந்து நீராகப் போவது, ஆசனவாயில் எச்சம் காய்ந்து ஒட்டிக்கொள்வது, குஞ்சு சோர்ந்து ஒதுங்குவது ஆகியவைதான் கவலைக்குரியவை. அவற்றுக்குக் கால்நடை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

மூட்டையோடு வரும் கிருமி

இப்போது நம் கடைக்கு வருவோம். கூட்டி அள்ளிய தரைச் சரக்கில் என்னென்ன இருக்கும்? தூசி, செருப்பில் வந்த மண், கரப்பான் எச்சம், எல்லாவற்றுக்கும் மேலாக எலிப்புழுக்கை. எலி சால்மோனெல்லாவைக் குடலில் சுமந்து திரியக்கூடியது. அதன் புழுக்கை விழுந்த தீவனத்தில் அந்தக் கிருமி இருக்கலாம். வளர்ந்த கோழி அதைத் தின்றால் தாக்குப்பிடித்துவிடக்கூடும். இரண்டு நாள் குஞ்சின் குடலோ காலி மைதானம். மிகச் சில கிருமிகளே அங்கு நோயை உண்டாக்கப் போதும். எலிக்கு வைத்த விஷமும் பூச்சிக்குப் போட்ட மருந்தும் அதே துடைப்பத்தில் சேர்ந்து வரும் ஆபத்தும் உண்டு.

அடுத்தது பூசணம். மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கு, நொய்யரிசி ஆகியவற்றில் ஈரம் ஏறினால் பச்சையாகப் பூசணம் பிடிக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு இலட்சம் வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்து பார்த்தபோது, பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூசணம் உண்டாக்கிய நஞ்சே காரணம் என்று தெரிந்தது. அந்த நஞ்சுக்கு அஃப்ளடாக்ஸின் என்று பெயரிட்டார்கள். அது கல்லீரலைக் கெடுக்கிறது. நோயை எதிர்க்கும் சக்தியைக் குறைக்கிறது. அப்படிப்பட்ட குஞ்சில் கெட்ட கிருமிக்கு வேலை சுலபம். பூசணத்தைத் தட்டிவிட்டு வெயிலில் காயவைத்தாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போவதில்லை என்பதை நாம் நன்றாக நினைவில் வைக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் புறநகர்க் கடைகளில் எவ்வளவு ஈரம் ஏறும் என்பது தெரிந்ததே. 2015 டிசம்பர் வெள்ளத்தை முடிச்சூர், வரதராஜபுரம் வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நனைந்த மூட்டையைக் காயவைத்து “கோழிக்குத்தானே” என்று பாதி விலைக்குக் கொடுப்பது, முதலைக் காப்பாற்றுவதாகத் தோன்றும். உண்மையில் நம் பெயரையே விற்பதாக முடியும்.

‘குஞ்சு மருந்து’ப் பொட்டலம்

நம்மிடையே இன்னொரு வழக்கமும் நுழைந்திருக்கிறது. தீவனம் வாங்குவோர் “குஞ்சு தூங்கி விழுது, ஏதாவது மருந்து கொடுங்க” என்று கேட்க, எங்கிருந்தோ வாங்கி வைத்த ஆன்டிபயாடிக் பொடியைத் தாளில் மடித்துக் கொடுப்பது. நல்லெண்ணத்தோடு செய்தாலும் இது மூன்று வகையில் தவறு.

முதலாவது, அது குஞ்சுக்கே கேடாகலாம். ஆன்டிபயாடிக் மருந்து நல்லது கெட்டது பார்த்துக் கொல்வதில்லை. சந்தையில் உள்ள எல்லோரையும் துரத்திவிட்டால், முதலில் திரும்பி ஓடிவருபவன் முரடனாகவே இருப்பான். 1954இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆய்வுக்கூட எலிகளுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெறாத எலிகளுக்கு நோய் உண்டாக்க ஏராளமான சால்மோனெல்லா தேவைப்பட்டது; மருந்து பெற்ற எலிகளுக்கோ மிகச் சிலவே போதுமானதாகிவிட்டன. காவல் இருந்த நல்ல பாக்டீரியாக்களை மருந்தே அழித்துவிட்டதுதான் காரணம்.

இரண்டாவது, அரைகுறையாகக் கொடுக்கும் மருந்து கிருமியைப் பழக்கிவிடுகிறது. இதைத் தாம்பரத்துக்காரர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. 1928இல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம் நம் ஊரில்தான் இருக்கிறது. மருந்தைப் பாதியில் நிறுத்திய நோயாளிக்குப் பிறகு அந்த மருந்தே கேட்காமல் போவதை இங்குள்ள பல குடும்பங்கள் அறியும். கோழியிடம் பழகிய கிருமி மனிதரிடம் வரும்போதும் அதே சிக்கல்தான். மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் கோலிஸ்டின் என்ற மருந்தை, கோழி உள்ளிட்ட உணவுக்கான உயிரினங்களுக்கு விற்பதையும் பயன்படுத்துவதையும் நம் மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதைச் சுவீடன் 1986இலேயே நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 முதல் நிறுத்தியது. 2014இல் தில்லி வட்டாரத்தில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 70 கோழி இறைச்சி மாதிரிகளைச் சோதித்தபோது நூற்றுக்கு 40இல் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது.

மூன்றாவது, சட்டம். 1940ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டப்படி உரிமம் இல்லாமல் இத்தகைய மருந்துகளை விற்பது குற்றம். பத்து ரூபாய்ப் பொட்டலத்துக்காகக் கடையைப் பணயம் வைக்க வேண்டுமா?

நல்ல பாக்டீரியாப் பொடி வாங்கலாமா?

‘புரோபயாடிக்’ என்ற பெயரில் நல்ல பாக்டீரியா அடங்கிய பொடிகள் இப்போது தீவனக் கடைகளில் கிடைக்கின்றன. இவற்றில் தயிரில் உள்ளதைப் போன்ற லாக்டோபேசில்லஸ், பேசில்லஸ் வகைகள், ஈஸ்ட் முதலியன இருக்கும. எல்லாப் பொடியும் எல்லாப் பண்ணையிலும் ஒரே மாதிரி பலன் தருவதில்லை. ஆகவே “இதைப் போட்டால் ஒரு குஞ்சும் சாகாது” என்று நாம் வாக்குக் கொடுக்கக்கூடாது.

விற்பவர் கவனிக்க வேண்டியது, இது உயிருள்ள சரக்கு என்பதை. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் வைத்தால் பல வகைகள் செத்துவிடும். பிறகு விற்பது வெறும் மாவுதான். உறையில் உள்ள காலாவதி நாளையும் வைக்கவேண்டிய வெப்ப அளவையும் பார்த்து வாங்குங்கள். பிளீச்சிங் பவுடர் அப்போதுதான் கலந்த தண்ணீரிலும், ஆன்டிபயாடிக் கொடுக்கும் வேளையிலும் இதைக் கொடுத்தால் பயன் இல்லை என்பதையும் வாங்குபவரிடம் சொல்லுங்கள்.

சிலர் மோர் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். நீர்மோர் சிறிது கொடுக்கும் பழக்கம் ஊர்ப்புறத்தில் உண்டு. அளவு மீறினால் கழிச்சல்தான் ஆகும். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் கோழிக்குக் குறைவு.

இதனால் ஆகாதவை

நல்ல பாக்டீரியா எல்லா நோய்க்கும் மருந்தன்று. வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்லும் இராணிகெட் நோய் வைரசால் வருவது. அதற்குத் தடுப்பூசியே காப்பு. இரத்தக் கழிச்சல் வேறொரு ஒட்டுண்ணியால் வருவது. ஈரக் கூளத்தில் பெருகும். குளிரில் நடுங்கும் குஞ்சு தீனி எடுக்காது. முதல் வாரத்தில் குஞ்சு இருக்கும் இடத்தில் சுமார் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். வாரம் ஒன்றுக்கு 5 டிகிரி வீதம் குறைத்து வரலாம். குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் குளிர்கிறது, விளக்கை விட்டு ஓரத்தில் ஒதுங்கினால் சுடுகிறது என்று பொருள்.

கடையில் நாம் செய்ய வேண்டியவை

1. தரையில் சிந்திய சரக்கைக் குப்பைக்கே அனுப்புவோம். தீவன மூட்டையில் கொட்ட வேண்டாம்.

2. தீவன மூட்டைகளை மரச்சட்டத்தின் மேல், சுவரை விட்டு ஓர் அடி தள்ளி அடுக்குவோம். திறந்த மூட்டையை மூடியுள்ள டின்னுக்கு மாற்றுவோம். எலிக்கு வழி அடைபடும்.

3. மூட்டையின் மேல் வந்த தேதியை எழுதி, முதலில் வந்ததை முதலில் விற்போம். மழைக்காலத்தில் இருப்பைக் குறைத்து, அடிக்கடி கொள்முதல் செய்வோம்.

4. கட்டி பிடித்த, பச்சை படர்ந்த, முக்கல் நாற்றம் அடிக்கும் சரக்கை எந்த விலைக்கும் விற்க வேண்டாம்.

5. குஞ்சுத் தீவனம் கேட்பவருக்கு முட்டைக்கோழித் தீவனத்தைக் கொடுக்க வேண்டாம். அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

6. பூச்சி மருந்து, மண்ணெண்ணெய், சலவைத்தூள் ஆகியவற்றுக்கு அருகே தீவனம் வைக்க வேண்டாம். அள்ளும் கரண்டியும் தனியாக இருக்கட்டும்.

7. மருந்து கேட்டால் அரசு கால்நடை மருத்துவமனைக்கு வழி சொல்வோம். கோழி வளர்ப்பில் ஆலோசனை வேண்டுவோருக்குக் கூடுவாஞ்சேரியைத் தாண்டி, காட்டாங்கொளத்தூரை அடுத்த காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன என்பதைத் தெரிவிப்போம்.

8. குஞ்சைத் தொட்ட பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்வோம். முட்டை விற்கும் நாமும் விரிசல் கண்ட முட்டையை ஒதுக்கிவிடுவோம்.

உறுப்பினர் கேட்ட கேள்வி

“தப்பு என்னுடையதா?” என்ற கேள்விக்கு வருவோம். அந்தப் பதினாலு குஞ்சும் தீவனத்தால்தான் செத்தன என்று இப்போது யாராலும் நிரூபிக்க முடியாது. சந்தையில் பட்ட வெயிலோ, இரவில் பட்ட குளிரோ காரணமாக இருக்கலாம். ஆனால் நம் மூட்டை காரணம் அல்ல என்று சத்தியம் செய்யவும் அவரால் முடியவில்லை. அதுதான் அவரை உறுத்தியது.

அவர் தீவனத்துக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்த மூட்டையை அன்றே குழி தோண்டிப் புதைத்தார். அந்த அம்மாவின் மாதக் கணக்கு இன்றும் அவர் கடையில்தான் இருக்கிறது. கூட்டி அள்ளிய சரக்கில் மாதம் முழுதும் மிச்சமாவது எவ்வளவு, ஒரு குடும்பத்தின் மாத மளிகை எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், இலாபம் எந்தப் பக்கம் என்பது எந்த வணிகருக்கும் விளங்கும்.

தாயைப் பார்க்காத குஞ்சுக்கு முதல் தீனி நம் கடையிலிருந்து போகிறது. அது சுத்தமாகவும் உலர்வாகவும் போகட்டும். “கோழிக்குத்தானே” என்ற சொல்லை இன்றோடு நம் கடைகளில் விட்டுவிடுவோம்.